வாலிக்கின் சோலையும் கிரிஃபித்தின் பாத்திகளும்

கொல்கத்தாவின் தென்மேற்கே உள்ள பெஹாலாவில் மழைக்காலம் முடியும் முன்பே காலிமனைகளைப் புதர் மூடிவிடுகிறது. மதிற்சுவரில் மணிபிளாண்ட் ஏறுகிறது. மின்கம்பத்தில் மிகானியா படர்கிறது. டெங்கு பரவும் மாதங்களில் அரிவாளும் மண்வெட்டியுமாக ஆட்கள் வந்து அவற்றை வெட்டுவதை வங்காளிகள் ‘ஜொங்கொல் சாஃப் கொரா’ என்பார்கள். அடர்ந்த வனத்துக்கும் வீட்டுக் கொல்லையில் மண்டிய செடிகொடிக்கும் வங்காளியில் ‘ஜொங்கொல்’ என்ற ஒரே சொல்தான். அதன் மூலமான ‘ஜாங்கல’ என்னும் சமஸ்கிருதச் சொல்லோ, பழைய ஆயுர்வேத நூல்களில், மரங்கள் அருகி நிற்கும் வறண்ட திறந்த நிலத்தைக் குறித்தது. நீர் தேங்கிய செழிப்பான நிலம் அதற்கு எதிர்நிலையில் ‘அனூப’ எனப்பட்டது. அந்த வகுப்பின்படி வங்காள டெல்டா முழுவதும் அனூபமே. வறண்ட நிலத்தின் பெயர் ஈரநிலத்தின் புதருக்கு வந்து சேர்ந்தது சொற்பொருள் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இந்த ஈரநிலத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்ற கேள்வி 1840களில் ஒரு பெரும் அறிவியல் சண்டையாக வெடித்தது. களம் பெஹாலாவுக்கு வடமேற்கே, மெட்டியாபுரூஸ் கரைக்கு எதிரே, ஹூக்ளியின் மேற்குக் கரையில் உள்ள சிப்பூர் தாவரவியல் பூங்கா.

பூங்காவை 1787இல் தொடங்கியவர் கர்னல் ராபர்ட் கிட் என்ற படை அதிகாரி. அவர் நினைத்தது அழகை அன்று. பஞ்சம் வந்தால் உதவும் உணவுப் பயிர்கள், கப்பல் கட்டத் தேக்கு, ஒல்லாந்தரின் ஏகபோகத்தை உடைக்க நறுமணப் பயிர்கள் ஆகியவையே அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் காட்டிய நோக்கங்கள். அடுத்து வந்த வில்லியம் ராக்ஸ்பர்க் சென்னை மாகாணத்தில் பல்லாண்டு பணியாற்றிக் கோரமண்டல் கரையின் தாவரங்களை ஆராய்ந்தவர். 1793 முதல் 1813 வரை அவர் சேர்த்தவற்றின் பட்டியல் 1814இல் செராம்பூரில் வில்லியம் கேரியின் முயற்சியால் ‘ஹோர்ட்டஸ் பெங்காலென்சிஸ்’ என்று அச்சானது. தேக்கு மட்டும் வாய்க்கவில்லை. டெல்டாவின் வண்டல் களிமண்ணில் அது வளர்ந்தது, ஆனால் நல்ல மரமாக வைரம் ஏறவில்லை. தேக்குத் தோப்பின் ஒரு பகுதி பிற்பாடு பிஷப்ஸ் கல்லூரிக்குப் போயிற்று.

ராக்ஸ்பர்க்குக்குப் பின் சில ஆண்டுகளில் பொறுப்பேற்று 1846 வரை இருந்தவர் நத்தேனியல் வாலிக். 1786இல் கோபன்ஹேகனில் பிறந்து, செராம்பூரின் டேனியக் குடியேற்றத்துக்கு மருத்துவராக வந்தவர். அவர் ஆளுகையில் பூங்கா நிழற்சாலைகளும் தோப்புகளும் கொண்ட ஒரு சோலையானது. தாவரங்கள் இன்ன குடும்பத்தின் அருகே இன்னது என்ற முறைப்படி நிற்கவில்லை. எங்கே நன்றாக வளருமோ, எங்கே பார்வைக்கு இனியதோ, அங்கே நின்றன. வாலிக்கோ நெடுங்காலம் வெளியே இருந்தவர். 1828 முதல் சில ஆண்டுகள் லண்டனில் உலர்தாவரத் தொகுப்புகளைப் பிரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு வழங்கிக்கொண்டிருந்தார். வெப்பமண்டலத் தோட்டம் அத்தகைய இடைவெளிகளை மன்னிப்பதில்லை. இரண்டு மழைக்காலம் போதும், நட்டதும் தானாய் முளைத்ததும் ஒன்றாகிவிடும்.

1842இல் உடல்நலம் குன்றி வாலிக் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். பொறுப்புக் கண்காணிப்பாளராக வந்தவர் வில்லியம் கிரிஃபித், வயது 32. 1832இல் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னையில் வந்திறங்கியவர். பர்மா, பூட்டான், ஆப்கானிஸ்தான் வரை நடந்து தாவரம் சேர்த்தவர். சூல்வித்தின் வளர்ச்சியை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர். வாலிக்கோடு அவருக்குப் பழைய பகையும் இருந்தது. 1835இல் அஸ்ஸாமின் தேயிலையை ஆராயச் சென்ற குழுவில் இருவரும் ஜான் மெக்லெல்லண்டும் இருந்தனர். தேயிலை பயிரிட ஏற்ற இடம் எது என்பதில் வாலிக் ஒரு பக்கமும் மற்ற இருவரும் மறுபக்கமும் நின்றனர். பயணத்திலேயே பேச்சு கசந்துவிட்டது.

கிரிஃபித்தின் கண்ணில் சிப்பூர் ஒரு தாவரவியல் பூங்காவே அன்று. ஒரு மாணவன் அங்கே சென்றால் இயற்கைக் குடும்பங்களின் உறவை எங்கிருந்து தொடங்கிக் கற்பான்? இந்தக் கேள்வி நியாயமானது. பூங்காவுக்கும் உல்லாசத் தோட்டத்துக்கும் வேறுபாடு வேண்டும் என்ற அவர் கொள்கையை இன்றும் மறுக்க முடியாது. 1843இல் அவர் அரசுக்கு அளித்த அறிக்கை அந்த ஒழுங்கை விரிவாக முன்வைத்தது. பிறகு கோடரிகள் இறங்கின. புதர்களும் கொடிகளும் மட்டுமல்ல, தோப்புகளே போயின. அவ்விடத்தில் வகைப்பாட்டு முறைப்படி புதிய பாத்திகள் வகுக்கப்பட்டன.

தமிழில் ‘களை’ என்பது பெயர்ச்சொல்லாகவும் வினையடியாகவும் நிற்கிறது. களையப்படுவது எதுவோ அதுவே களை. ‘வீட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இவ்விரு வேலைகள் உண்டு. ஆயினும் தமிழில் ‘களைதல்’ வயலைத் தாண்டி ஆடையைக் களைதல், ஐயம் களைதல் என்று விரிந்து, நீக்குதல் என்னும் பொதுவினையாகவே வழங்குகிறது. ஆகவே இச்சொல் ஒரு தாவர இனத்தைச் சுட்டுவதில்லை. ஒருவரின் முடிவைச் சுட்டுகிறது. கிரிஃபித்தின் திட்டத்தில் ராக்ஸ்பர்க்கின் தேக்கும் மஹோகனியும் கிராம்பும் ஜாதிக்காயும் இலவங்கமும் களையாயின.

1844இல் வாலிக் திரும்பிவந்தபோது தாம் விட்டுச் சென்ற தோட்டம் இல்லை. அவருடைய கொதிப்பு கடிதங்களில் வெளிப்பட்டது. கிரிஃபித் மலாக்காவுக்குப் போனார். 1845 பிப்ரவரி 9இல் கல்லீரல் நோயால் அங்கேயே இறந்தார். வயது 34. அவர் திட்டத்தைத் தொடர ஆளில்லை. பழைய நிழல் போயிற்று, புதிய ஒழுங்கும் நிறைவுபெறவில்லை என்ற நிலையில்தான் 1848 ஜனவரியில் ஜோசப் டால்டன் ஹூக்கர் கல்கத்தா வந்து பூங்காவைக் கண்டார். 1854இல் வெளியான அவருடைய ‘ஹிமாலயன் ஜர்னல்ஸ்’ நூலில், காண்பவர் எல்லாம் வியந்த சைகஸ் நிழற்சாலை உட்பட எவையெல்லாம் அழிந்தன என்று வருத்தத்துடன் பட்டியலிட்டார். அதே ஆண்டு வாலிக் லண்டனில் காலமானார்.

இந்த வழக்கில் தாவரவியல் வரலாற்றாளர் பெரும்பாலும் குணநலன்களைப் பேசுவர்: கிரிஃபித்தின் கடுமை, வாலிக்கின் தற்பெருமை. அது பாதிக்கதைதான். மண்ணையும் வெயிலையும் பேசினால் வேறொன்று தெரிகிறது. ஜாதிக்காயும் கிராம்பும் மழைக்காட்டுத் தீவுகளின் மரங்கள். அவற்றுக்கு ஈரக்காற்றும் மேல்நிழலும் வேண்டும். வங்காளத்தின் ஏப்ரல், மே மாதங்களில் இவற்றைக் காப்பது பக்கத்தில் நிற்கும் மற்ற மரங்கள்தாம். சுற்றியுள்ள மரங்களை வெட்டிவிட்டு, வெட்டவெளிப் பாத்தியில் ஒரு நிழல்செடியை அதன் குடும்பத்தாரோடு நட்டால், வகைப்பாடு சரியாக இருக்கும், செடி கருகும். தாவரக் குடும்பம் பூவின் அமைப்பைக் கொண்டு வகுக்கப்படுவது. வேருக்கு வேண்டிய ஈரம் அந்தக் கணக்கில் வராது. ஐரோப்பியத் தோட்டங்களில் கண்ணாடிக் கூடங்கள் இந்த இடைவெளியை நிரப்பின. சிப்பூரில் அந்த வேலையைச் செய்தது, கிரிஃபித் ஒழுங்கீனம் என்று கண்ட அந்த அடர்த்தியே.

வாலிக்கின் முறை குற்றமற்றது என்பதும் இல்லை. அழகுக்கென வந்த அயல்தாவரங்கள் பல வேலி தாண்டின. நம்மூரில் உண்ணிச்செடி எனப்படும் லந்தானா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் இந்தப் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. இன்று முதுமலைக் காட்டில் அதை அகற்ற வனத்துறை பாடுபடுகிறது. அந்நூற்றாண்டின் இறுதியில் பூவழகுக்காக வங்காளம் வந்த ஆகாயத்தாமரை குளங்களை அடைத்து, நெல்வயலில் புகுந்து, 1936இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றும்படி செய்தது. பெஹாலாவின் குளங்களில் அதன் ஊதாப் பூக்களை இன்றும் காணலாம். வங்காளிகள் அதைக் ‘கச்சூரிபானா’ என்பர். ‘ஜெர்மன் பானா’ என்ற பெயரும் இருந்தது. வேண்டாத செடிக்கு வேண்டாத நாட்டின் பெயரைச் சூட்டும் வழக்கம் எல்லா மொழிகளிலும் உண்டு.

இந்த ஆவணங்கள் அனைத்திலும் வெட்டியவர்களின் குரல் இல்லை. வாலிக்கின் காலத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றிய தோட்டக்காரர்கள், கிரிஃபித்தின் ஆணைப்படி அவற்றையே வெட்டவேண்டி வந்தபோது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

1864 அக்டோபர் 5இன் பெரும் புயலும் ஹூக்ளியில் ஏறிவந்த கடல்வெள்ளமும், 1867இன் புயலும் எஞ்சிய பழைய மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தன. 1871இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் கிங் பூங்காவைப் புதிதாகவே வகுத்தார். ஏரிகளை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு தாழ்ந்த நிலத்தை உயர்த்தினார். இன்று பார்வையாளர் நடக்கும் சாலைகளின் அமைப்பு பெருமளவு அவருடையது.

இவை எல்லாவற்றையும் கடந்து நின்றது பெரிய ஆலமரம். 1782இல் அவ்விடத்தில் ஓர் ஈச்சமரம் நின்றதையும், அதன் உச்சியில் ஆலங்கன்று முளைத்ததையும் நினைவுகூரும் முதியோர் சில ஆண்டுகள் முன்புவரை இருந்தனர் என்று ஹூக்கர் குறிக்கிறார். ஈச்சமரத்தை ஆல் விழுங்கிவிட்டது. பூஞ்சை நோயால் கெட்டுப்போன அதன் அடிமரம் 1925இல் வெட்டி அகற்றப்பட்டது. அடிமரம் இல்லாமலே ஆயிரக்கணக்கான விழுதுகளில் அது நிற்கிறது. அதைச் சுற்றி ஏறத்தாழ 330 மீட்டருக்கு ஒரு வட்டச்சாலை போடப்பட்டது. மரம் அந்தச் சாலையைத் தாண்டி அப்பாலும் விழுது இறக்கியிருக்கிறது.