சத்து மாத்திரையும் இரத்தப் புற்றுநோயும்



கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களில் கருவுற்ற தாய்மார்கள் கிளினிக்கிலிருந்து ஃபோலிக் அமில மாத்திரை பெற்று வருவதை நாம் அறிவோம். அச்சத்தை ஆய்வுக்கூடத்தில் 1945-இல் உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமாவரத்தில் பிறந்த தெலுங்கர். (நம் தோட்டங்களுக்குத் தெலுங்கரும் வந்தவர்களே, ஆதலால் அயலாராகத் தோன்றவில்லை.)

கல்லூரியில் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். முழுப் பட்டத்துக்குப் பதில் குறைந்த தகுதிச் சான்றிதழே கிடைத்தது. தம் சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு மருந்து தேடியே 1923-இல் அமெரிக்கா சேர்ந்தார். பின்னாளில் அந்நோய்க்கு ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று.

இனி வியப்பான பகுதி. அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அதைப் பயன்படும் வடிவுக்கு மாற்றுவது ஒரு நொதி. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இச்சத்து இரத்தப் புற்றுநோயை முடுக்குவதாகக் கருதினார். சுப்பாராவ் குழு அவருக்கு அமினோப்டெரின் என்னும் போலிச் சத்தை அனுப்பியது. போலிச் சாவி பூட்டில் சிக்கிக்கொள்வதைப் போல் அது நொதியை முடக்கியது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அம்முடிவு 1948 ஜூனில் வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அதன் உறவு மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

ஆயினும் சில புற்றணுக்கள் அந்நொதியின் மரபணுவையே பல படிகளாகப் பெருக்கி மருந்தை வென்றுவிடுகின்றன என 1978-இல் தெரியவந்தது. அதுமுதல் நொதிகளின் மரபணுக்களைக் கொண்டு நோயின் போக்கைக் கணிக்கும் முயற்சி வளர்ந்தது. எல்லாம் பலிக்கவில்லை. ஐ.டி.ஓ. என்ற நொதியைத் தடுத்தால் நோயெதிர்ப்புச் சிகிச்சை வலுப்பெறும் என்ற நம்பிக்கை, 2018-இல் மெலனோமா நோயாளிகளிடம் நடந்த பெருஞ்சோதனையில் பொய்த்தது.

நான் இவற்றையெல்லாம் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு மாணவன். இரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோபியூரின் மாத்திரை உண்டுவந்தான். மரபணுச் சோதனைக்குப் பின் மருத்துவர் அதைப் பாதியாக்கினார். “ஏழப் புள்ளன்னு மருந்தக் கொறச்சிட்டாங்களா டீச்சர்?” என்று அவன் தாய் கேட்டார். தோட்டத்தில் எதையும் அளந்தே பெற்றுப் பழகியவரின் ஐயம் அது.

என்.யு.டி.டி.15 என்ற நொதியின் மரபணுவில் மாற்றமுடையோருக்கு அம்மருந்தின் வழக்கமான அளவு எலும்பு மச்சையைக் கெடுத்துவிடும். 2014-இல் கொரியாவில் கண்டறிந்தனர். ஆசியரிடம் இம்மாற்றம் அதிகம். அவனுக்குப் பாதி மாத்திரையே முழு மருந்து என்று அத்தாய்க்குப் படம் வரைந்து விளக்கினேன். அந்தத் தாளை மடித்து எடுத்துச் சென்றார்.