இளஞ்சிவப்பு நிறமும் ஐசோபுரோஸ்டேனும்

ரத்தத்தில் கொழுப்பு எந்த அளவுக்கு ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்திருக்கிறது என்று அறிய இரண்டு வழிகள் பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்று டிபார்ஸ், நம் கல்லூரி ஆய்வகங்களில் பலரும் செய்வது இதைத்தான். மற்றொன்று எஃப்2-ஐசோபுரோஸ்டேன்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பது.

டிபார்ஸ் எளிது, செலவும் குறைவு. பிளாஸ்மாவோடு தயோபார்பிட்யூரிக் அமிலத்தைச் சேர்த்து, அமிலச் சூழலில் 95 டிகிரி அளவுக்குச் சூடாக்குகிறோம். கொழுப்பு சிதைந்து உண்டான எம்டிஏ, அதாவது மாலோன்டைஆல்டிஹைடு, இளஞ்சிவப்பாக மாறுகிறது. அந்த நிறத்தை 532 நானோமீட்டரில் அளந்தால் போதும். சிக்கல் என்னவென்றால், அந்த நிறம் முழுக்க எம்டிஏ தந்ததல்ல. பிலிருபின், சயாலிக் அமிலம், சில சர்க்கரைகள், வேறு ஆல்டிஹைடுகள் எல்லாம் குறுக்கே வருகின்றன. காமாலை நோயாளியின் அளவு கூடியிருந்தால் அதற்குக் காரணம் நோயா, பிலிருபினா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, சூடாக்கும்போதே குழாய்க்குள் புதிதாகக் கொழுப்புச் சிதைவு நடக்கிறது. பிஹெச்டி (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்த்தால் இது குறையும். பிறகு ஹெச்பிஎல்சி என்ற பிரிப்புக் கருவியில் எம்டிஏவின் நிறப்பொருளை மட்டும் பிரித்து அளந்தால், வெறும் டிபார்ஸ் காட்டியதைவிட மிகக் குறைவான எண் வருவது வழக்கம்.

ஐசோபுரோஸ்டேன்களின் கதை தொடங்கியதே அளவீட்டுப் பிழையில்தான். 1990இல் அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மாரோவும் ஜாக்சன் ராபர்ட்ஸும், மைனஸ் 20 டிகிரியில் மாதக்கணக்கில் வைத்திருந்த பிளாஸ்மாவில் புரோஸ்டாகிளாண்டினை ஒத்த பொருட்கள் பெருகியிருப்பதைக் கண்டார்கள். எந்த நொதியின் துணையுமின்றி, பிளாஸ்மாவிலிருந்த அராகிடோனிக் அமிலம் தானாக ஆக்சிஜனேற்றம் அடைந்து ஐசோபுரோஸ்டேன்களாகியிருந்தது. உடலுக்குள்ளும் அப்படியே நடக்கிறது என்று பின்னர் நிறுவினார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இவற்றை அளக்கும்போது, டியூட்டீரியம் ஏற்றிய அதே மூலக்கூறைத் தெரிந்த அளவில் மாதிரியில் கலந்து, அதோடு ஒப்பிட்டு அளப்பதால் வழியில் ஏற்படும் இழப்பும் கணக்கில் வந்துவிடுகிறது. இந்த முறையின் பலம் இதுதான். ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவில் தனித்து உலவும் ஐசோபுரோஸ்டேன் மில்லிலிட்டருக்குச் சில பத்து பிகோகிராம்தான். பெரும்பகுதி கொழுப்போடு பிணைந்தே இருக்கிறது. தனித்ததையா, மொத்தத்தையா, எதை அளந்தோம் என்று குறிப்பிடாத எண்ணால் பயனில்லை. எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் எலைசா கிட்டைப் பயன்படுத்தினால் ஒத்த அமைப்புள்ள பிற மூலக்கூறுகளும் எதிர்ப்பொருளில் ஒட்டிக்கொள்ளலாம். அந்த எண்ணை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எண்ணுக்கு இணையாக வைக்கக் கூடாது.

2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கூட்டாய்வில் எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து, ஆக்சிஜனேற்றச் சிதைவைக் காட்டும் பல குறியீடுகளைச் சோதித்தார்கள். பிளாஸ்மாவில் எம்டிஏவும் ஐசோபுரோஸ்டேன்களும் நம்பத்தக்கவையாகத் தேறின. எம்டிஏ என்ற மூலக்கூறின் மீது பழியில்லை. அதை நிறத்தைக் கொண்டு ஊகிப்பதில்தான் கோளாறு.

இரண்டு முறைகளையும் ஒருசேரக் கெடுப்பது ரத்தம் உறைதல். உறையும்போது தட்டணுக்களின் நொதிகள் எம்டிஏவை உருவாக்குகின்றன. ஐசோபுரோஸ்டேனில் பெரிதும் அளக்கப்படும் வகையையும் சிறிதளவு உருவாக்குகின்றன. அதனால் சீரம் வேண்டாம். ஈடிடிஏ குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, விரைவாகப் பிளாஸ்மாவைப் பிரித்து, பிஹெச்டி சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வகமும் இவ்வளவு செய்ய முடியும். அதற்குப் பின் ஹெச்பிஎல்சியில் எம்டிஏவைப் பிரித்து அளக்கட்டும். அதுவும் இயலாதவர்கள் அட்டவணையில் எம்டிஏ என்று எழுதாமல் டிபார்ஸ் என்றே எழுதி, சூடாக்கிய நேரத்தையும் பிஹெச்டியின் அளவையும் உடன் தர வேண்டும்.