இலையின் தொழிலும் நம் பிள்ளைகளின் கல்வியும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியைத் தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று போற்றாதார் இலர். அக்களஞ்சியத்தை நிரப்பிய கரங்களுள் பெரும்பாலானவை நம் மக்களின் கரங்களே ஆகும். நாற்றுப் பறித்தும், நடவு நட்டும், களை எடுத்தும், கதிர் அறுத்தும் தலைமுறை தலைமுறையாக நெல்லோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆயினும், அந்நெல்மணியில் மாவு எவ்வாறு உண்டாகிறது என்னும் பாடம் அவர்தம் குழந்தைகளுக்குக் கிட்ட நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

செடி தன் உணவை மண்ணிலிருந்தே உண்கிறது என்று உலகம் பன்னூறு ஆண்டுகள் நம்பியிருந்தது. வான் ஹெல்மான்ட் என்பார் 200 பவுண்டு மண்ணில் ஒரு மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 160 பவுண்டுக்கு மேல் எடை கூடியது. மண்ணோ சில அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. 1648இல் வெளிவந்த இச்சோதனை பழைய நம்பிக்கையை அசைத்தது. கெட்டுப்போன காற்றைச் செடி தூய்மையாக்குகிறது என்பதைப் பிரீஸ்ட்லி 1771இல் கண்டார். அதற்குச் சூரிய ஒளியும் பசுமையான பாகமும் தேவை என்பதை இங்கென்ஹவுஸ் 1779இல் காட்டினார். ஒளி பட்ட இலையில் மாவுச்சத்து தோன்றுவதை 1860களில் சாக்ஸ் மெய்ப்பித்தார். இதுவே இன்று நாம் ஒளிச்சேர்க்கை என்று கூறும் செயலாகும்.

மேனாட்டில் இவ்வுண்மைகள் வெளிப்பட்ட அதே நூற்றாண்டுகளில், தஞ்சைப் பண்ணைகளில் நம் முன்னோர் பண்ணையாட்களாய்க் கட்டுண்டு கிடந்தனர். நம் மக்களின் கல்விக்கெனச் சென்னை மாகாண அரசு தனி ஆணை பிறப்பித்தது 1893ஆம் ஆண்டில்தான். கொள்ளிடத்திற்கு வடக்கே, சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியை நிறுவினார். பண்ணை வேலைக்குச் சிறுவர்களையும் அழைத்துக்கொண்ட காலத்தில் பள்ளியின் வாயில் திறந்திருந்தால் மட்டும் போதுமா? 1943இல் தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவ் முதலியோர் நடத்திய இயக்கத்தால் சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும், கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட போராட்டத்தின் விளைவாக, 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 உயிர்கள் தீயிலிடப்பட்டன. நெல்லை விளைவித்தவர்க்கு நெல்லின்மீது உரிமை இல்லாதிருந்ததைப் போலவே, நெல்லைப் பற்றிய அறிவின்மீதும் உரிமை இல்லாதிருந்தது.

1953ஆம் ஆண்டின் புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தை இவ்விடத்தில் நினைத்துப் பார்த்தல் தகும். கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பதே அத்திட்டம். குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். உழைப்பு இழிவானது என்பதன்று நம் வாதம். நடவு செய்யும் முறையைப் பிள்ளை வயலில் கற்கும்; நட்ட பயிர் ஏன் பச்சையாயிருக்கிறது என்பதை அறியப் பள்ளி வேண்டும். காமராசர் முதலமைச்சரானதும் 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் பகலுணவுத் திட்டம் தொடங்கப் பெற்றது. பசித்த பிள்ளைக்கு முதலில் சோறும், பின்னர் சோற்றின் அறிவியலும் கிடைக்க வழி பிறந்தது.

இப்பாடத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எளிது. வாய்க்காலில் மண்டும் வேலம்பாசியைக் கண்ணாடிப் பாத்திரத்து நீரிலிட்டு வெயிலில் வைத்தால் குமிழிகள் எழும். நிழலுக்கு மாற்றினால் குறையும். அக்குமிழியில் இருப்பது பிராணவாயு. ஒரு செம்பருத்திச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, பின் ஓர் இலையின் பாதியைக் கருந்தாளால் மறைத்துச் சில மணி நேரம் வெயிலில் வைக்கலாம். அவ்விலையை நீரில் வேகவைத்து, சாராயச் சத்தில் பச்சையம் நீக்கி, அயோடின் விட்டால், ஒளி பட்ட பகுதி மட்டும் கருநீலமாகும். சாராயச் சத்தை நேரடித் தீயில் வைத்தலாகாது. வெந்நீரில் வைத்து ஆசிரியரே சூடாக்குதல் வேண்டும். சோற்றுப் பருக்கையில் அயோடின் விட்டாலும் அதே நிறம் தோன்றும். இலை ஆக்கிய உணவே நம் தட்டுக்கு வருகிறது என்பதைக் குழந்தை அப்போது கண்ணாரக் காணும்.

கதிருக்கு அடுத்துள்ள இலையைக் கண்ணாடி இலை என்பர் நம் உழவர். நெல்மணி பால் பிடிக்கும் பருவத்தில் அதற்கு உணவூட்டுவதில் முதன்மையானது அவ்விலையே. உரமே பயிரின் உணவு என்று பிள்ளைகள் கூறுவர். அதனைக் கடிந்து ஒதுக்காமல், தழைச்சத்து குறைந்தால் பயிர் வெளிறுவதை வயலில் காட்டி, பச்சையம் உண்டாக அச்சத்து வேண்டும் எனவும், உணவை ஆக்குவது நீரும் கரியமில வாயுவும் ஒளியும் பெற்ற இலையே எனவும் விளக்குதல் வேண்டும். தாயும் தந்தையும் அறிந்தவை அறிவின்மையல்ல. பாடத்தின் தொடக்கம் அவை என்பதைப் பிள்ளை உணர வேண்டும்.

இளைஞர்களே! இவ்வெள்ளி விழா ஆண்டில் நீங்கள் ஒவ்வொருவரும் நம் தெருப் பிள்ளைகள் சிலரை மாலையில் கூட்டி, ஒரு பாத்திரத்தில் வேலம்பாசியை இட்டு, மறுநாள் வெயிலில் அக்குமிழிகளைக் காட்டுவீர்களாக. ஏன் என்று அப்பிள்ளைகள் கேட்கட்டும். அக்கேள்வியைக் கேட்கும் உரிமைக்காகவே நம் முன்னோர் பாடுபட்டனர்.