150 மைல் என்ற எண்

பழைய கார் சோதனைக் கட்டுரைகளை வாசிப்பது எனக்கு ஒரு கிறுக்கு. ஓட்டிப் பார்த்தவரே எழுதியது, தேதி இருக்கும், ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்த எண்கள் இருக்கும். கார் சரித்திரம் எழுத இதைவிட நல்ல ஆதாரம் என்ன வேணும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்.

கதை தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாக. 1961 மார்ச் 15 அன்று ஜெனீவாவில் ஒரு பூங்காவில் பத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் காரைக் காட்டினார்கள். காட்ட வேண்டிய கூப்பே அதற்கு முந்தின நாள் இரவுதான் இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து கிளம்பியது. ஓட்டியவர் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி பாப் பெர்ரி. நிகழ்ச்சிக்குச் சுமார் இருபது நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்திருக்கிறார்! அந்தக் காரின் நம்பர் பிளேட் 9600 ஹெச்பி. ஹார்ஸ்பவர் இல்லீங்க, வெறும் பதிவெண்தான்.

ஆளாளுக்கு "நான் ஒரு ரவுண்டு போகணும்" என்று மொய்க்க, ஒரு வண்டி போதவில்லை. இன்னொன்றை உடனே கொண்டுவரச் சொல்லி முதலாளி வில்லியம் லயன்ஸிடமிருந்து உத்தரவு. கம்பெனியின் சோதனை ஓட்டுநர் நார்மன் டீவிஸ், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, 77 ஆர்டபிள்யூ என்ற திறந்த மாடலை எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டினார். மறுநாள் காலையில் ஜெனீவா. நடுவில் கப்பலேறிக் கடலைத் தாண்ட வேண்டிய வழி இது, சும்மா இல்லை.

இனிதான் நமக்கு வேண்டிய விஷயம். அதே மாதம் இரண்டு பிரிட்டிஷ் பத்திரிகைகளில் சோதனை வெளியானது. 9600 ஹெச்பி-யை ஓட்டிய 'ஆட்டோகார்' அளந்த உச்ச வேகம் மணிக்கு 150.4 மைல், அதாவது 242 கிலோமீட்டர். 77 ஆர்டபிள்யூ-வை ஓட்டிய 'தி மோட்டார்' அளந்தது 149.1 மைல். பூஜ்யத்திலிருந்து 60 மைலுக்கு ஒன்று 6.9 விநாடி, மற்றது 7.1. விலையைப் பாருங்கள்: வரியோடு சேர்த்து திறந்த மாடல் 2,097 பவுண்டு, கூப்பே 2,197. ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 வாங்கக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்கணும். '150 மைல்' என்ற எண் காரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றுவரை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களின் கார் அந்த வேகத்துக்குப் போகவில்லை. 140-களின் நடுப்பகுதியைத் தாண்டுவதே கஷ்டம் என்பதுதான் பின்னாளில் இந்தக் காரை ஆராய்ந்தவர்களின் பொதுவான கருத்து. பத்திரிகைகளுக்குக் கொடுத்த இரண்டும் சாதாரண வண்டிகள் இல்லை. 9600 ஹெச்பி உற்பத்தி தொடங்கும் முன்பே செய்த முன்மாதிரி. என்ஜினைக் கவனமாகத் தயார்செய்து, ரேஸுக்கான டன்லப் டயர் மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

மோசடி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் மென்பொருள் துறையில்தான் இருக்கிறேன். கஸ்டமருக்கு டெமோ என்றால் அதற்கென்று தனி சர்வர், நாங்களே பொறுக்கி எடுத்த டேட்டா, எந்தப் பட்டனை அழுத்தக்கூடாது என்று முன்கூட்டியே ஒத்திகை. டெமோவில் ஓடியது நிஜமாகவே ஓடியதுதான். அளந்தவர்களும் சரியாகத்தான் அளந்தார்கள். எதை அளந்தார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த வேகத்தில் பாதிப் பெருமை உருவத்துக்குச் சேரும், அதில் டெமோ வித்தை எதுவும் இல்லை. வடிவமைத்தவர் மால்கம் சேயர், பிரிஸ்டல் விமானக் கம்பெனியிலிருந்து வந்த காற்றியக்க நிபுணர். லே மான்ஸ் பந்தயத்தில் 1955, 56, 57 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்த டி-டைப்பும் அவர் கைவண்ணம்தான். கண்ணால் பார்த்து வளைவை இழுக்கிற ஆள் இல்லை. மடக்கை அட்டவணையும் ஸ்லைடு ரூலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவையும் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு எடுத்தவர். இன்று கம்ப்யூட்டர் செய்வதை மனுஷன் பேப்பரில் செய்திருக்கிறார். இதைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

சரி, அப்போ இந்தக் கார் ஓட்ட உண்மையில் எப்படித்தான் இருந்தது? அதைத் தெரிந்துகொள்ள முதல் சோதனைகளைவிட, கம்பெனி பிற்பாடு எதையெல்லாம் மாற்றியது என்ற பட்டியலைத்தான் நான் நம்புகிறேன். எங்கள் பாஷையில் ரிலீஸ் நோட்ஸ். முதல் 500 கார்களுக்கு பானட் பூட்டு வெளிப்பக்கம். திறக்கணும்னா தனிச் சாவி வேணும். அதை உள்ளே கொண்டுபோனார்கள். தரை தட்டையாக இருந்ததால் உயரமானவர்கள் காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. 1962 தொடக்கத்தில் கால் வைக்கும் இடத்தைத் தாழ்த்தினார்கள். 1964 அக்டோபரில் 4.2 லிட்டர் மாடல் வந்தபோது பட்டியல் நீண்டது. முதல் கியரில் சின்க்ரோமெஷ் இல்லாத பழைய கியர்பாக்ஸ் போய், எல்லா முன் கியருக்கும் சின்க்ரோமெஷ் உள்ளது வந்தது. பிரேக்குக்கு வேறு சர்வோ, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், புது சீட்டுகள். மூன்றரை வருஷம் இந்தக் காரை ஓட்டியவர்களின் இடுப்பும் இடது காலும் பட்ட பாடு எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், என்ஜின் 3.8-லிருந்து 4.2 லிட்டர் ஆன பிறகும் கம்பெனி சொன்ன குதிரைத்திறன் அதே 265-தான். காகிதத்தில் ஒன்றுகூட ஏறவில்லை. இழுவிசை மட்டும் கூடியது. நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இந்த 1964 காரைத்தான் எடுப்பேன், ஆனால் ஏலங்களில் வெளிப்பூட்டு வைத்த அந்த முதல் 500-க்குத்தான் கிராக்கி!

1971-இல் ஈ-டைப்புக்கு 5.3 லிட்டர், 12 சிலிண்டர் என்ஜின் பொருத்தினார்கள். கார் நீண்டு, எடையும் ஏறியிருந்தது உண்மைதான். பிரிட்டிஷ் பத்திரிகைகள் மறுபடி ஓட்டி அளந்தன. அப்போதும் 150 வரவில்லை.