சுழலும் எஞ்சின் கண்ட வரலாறு

மோட்டார் வண்டியைக் கண்டறியாதார் நம்முள் இலர். ஆயின், அதன் எஞ்சினுள் நிகழ்வது யாதென எண்ணிப் பார்ப்போர் சிலரே. சிலிண்டருள் பிஸ்டன் மேலுங் கீழும் ஓடுகின்றது. ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் நின்று, திரும்பி, மறுபடி விரைகின்றது. சக்கரத்துக்கு வேண்டியதோ சுழற்சி. அங்ஙனமாயின், தொடக்கத்திலிருந்தே சுழலும் எஞ்சினை ஏன் ஆக்கலாகாது? இவ்வினாவுக்கு விடை தேடி நெடுங்காலம் உழைத்தவர் ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கல்.

1902 இல் லார் என்னும் ஊரிற் பிறந்த வாங்கல், முதலாம் உலகப் போரிலே தந்தையை இழந்தார். பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. புத்தக வெளியீட்டு நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர், இயந்திர நுட்பங்களைத் தாமே கற்று, 1929 இல் தமது முதற் காப்புரிமையைப் பெற்றார். நாசிக் கட்சியுடன் அவருக்கிருந்த தொடர்பு அவர் வாழ்விற் படிந்த கறை. அதனை மறைத்தல் சரித்திரமாகாது. ஈண்டு நாம் ஆராய்வது அவர் எண்ணிய எஞ்சினின் வரலாற்றையே.

1951 இல் என்.எஸ்.யு. என்னும் கம்பனி அவருடன் கூட்டுச் சேர்ந்தது. 1957 பெப்ரவரி 1 ஆந் திகதி முதல் மாதிரி எஞ்சின் இயங்கிற்று. அடுத்த ஆண்டிலே, அக்கம்பனியின் பொறியியலாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே அதன் அமைப்பை எளிதாக்கினார். இடை சற்று ஒடுங்கிய நீள்வட்டக் கூடு; அதனுள்ளே, பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி. சுழலியின் மூன்று முனைகளும் கூட்டின் சுவரைத் தொட்டபடி செல்ல, மூன்று அறைகள் உண்டாகின்றன. ஒவ்வோர் அறையும் விரிந்துஞ் சுருங்கியும், பெற்றோல் கலந்த காற்றை உள்வாங்கி, அழுத்தி, எரித்து, புகையை வெளியேற்றுகின்றது. பிஸ்டன் எஞ்சினிலுள்ள வால்வுகள் இதற்கு வேண்டியதில்லை, அதிர்வுங் குறைவு.

ஆனால், இத்தனை சிறப்பும் தங்கியிருந்தது அம்முனைகளிற் பொருத்திய மெல்லிய அடைப்புத் தகடுகளிலேயே. அவை தேய்ந்தால் ஓர் அறையின் வாயு மற்றதனுட் கசியும், எஞ்சின் வலுவிழக்கும். 1967 இல் என்.எஸ்.யு. வெளியிட்ட 'ரோ 80' கார், ஐரோப்பாவிலே 1968 ஆம் ஆண்டின் சிறந்த காரெனப் பரிசு பெற்றது. எனினும், அடைப்புகள் விரைவிற் பழுதடைந்தன. உத்தரவாதத்தின்படி எஞ்சின்களை மாற்றிக் கொடுத்துக் கொடுத்தே கம்பனி நலிந்தது. 1969 இல் அது வொல்க்ஸ்வாகன் வசமாகித் தன் தனிநிலை இழந்தது. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்காத கதை இது.

இதே எஞ்சினை ஆக்கும் உரிமையை 1961 இல் யப்பானிய மஸ்டா கம்பனியும் பெற்றிருந்தது. 1945 இல் அணுகுண்டால் அழிந்த ஹிரோசிமாவே அதன் ஊர். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியியலாளர் இப்பணியில் இறங்கினர். தகடுகள் அதிர்ந்து கூட்டின் சுவரிலிட்ட தழும்புகளுக்குப் 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயரிட்டனர். தகட்டின் வடிவை மாற்றினர், பொருளை மாற்றினர், ஈற்றில் கரியும் அலுமினியமுங் கலந்த தகட்டினால் வெற்றி கண்டனர். 1967 மே மாதத்தில் 'கொஸ்மோ ஸ்போர்ட்' கார் விற்பனைக்கு வந்தது. 1991 இல், பிரான்சின் லெ மான் 24 மணிநேர ஓட்டப் போட்டியிலே, சுழல் எஞ்சின் பூட்டிய மஸ்டா கார் முதலிடம் பெற்றது. அப்போட்டியில் யப்பானியக் கம்பனியொன்று பெற்ற முதல் வெற்றி அதுவே.

எனினும், குறை முற்றாக நீங்கவில்லை. எரியும் அறை நீண்டு ஒடுங்கியிருப்பதாற் பெற்றோல் முழுவதும் எரிவதில்லை, செலவும் மிகுதி. 1973 இன் எண்ணெய் நெருக்கடி இவ்வெஞ்சினைப் பெரிதும் பாதித்தது. 2012 இல் 'ஆர்.எக்ஸ். 8' காரின் உற்பத்தியும் நின்றது. ஆயினும் 2023 இல், மின்சாரக் காருக்கு மின்பிறப்பிக்கும் எஞ்சினாக மஸ்டா அதனை மீண்டுங் கொணர்ந்தது.

புதிய எண்ணம் ஒருவர் உள்ளத்தில் உதிக்கலாம். அதனை நிலைக்கச் செய்வது, விரல் நீளத் தகடொன்றையும் அற்பமென்று தள்ளாது ஆண்டுக்கணக்கில் ஆராயும் பலருடைய பொறுமையே. நம் இளைஞர் எத்தொழிலிற் புகுந்தாலும் இதனை மனத்திருத்துவாராக.