ரசனையின் நூலும் தச்சனின் நூலும்

‘செவ்வியல் சீன மரச்சாமான்’ என்ற வகைப்பாட்டை மிங் காலத்துத் தச்சர் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். 1944இல் குஸ்தாவ் எக்கே என்ற ஜெர்மானியரும் 1985இல் வாங் ஷிஷியாங்கும் வெளியிட்ட நூல்களின் வழியாக நிலைபெற்ற சொல்லாடல் அது. மிங் அலமாரி இன்று அருங்காட்சியகத்திலும் ஏலக்கூடத்திலும் நிற்கிறது.

அந்த அலமாரியின் ஒரு வகை, மேலே குறுகி அடியில் அகன்றிருக்கும். ஆணி கிடையாது, ஒரு கட்டையின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் இறுகி நிற்கும். கதவுக்கு உலோகக் கீல் இல்லை. நம் பழைய கதவுகளைப் போலவே மரக்குடுமியில் சுழலும். உடல் சாய்வாக இருப்பதால் திறந்த கதவு தன் எடையாலேயே வந்து மூடிக்கொள்ளும்.

இதைத்தான் ‘எளிமை’ என்று புகழ்கிறோம். யாருடைய எளிமை? 1567இல் கடல்வணிகத் தடை தளர்ந்தது. வெளிநாட்டு வெள்ளி வந்து குவிய, வணிகனும் விலையுயர்ந்த மரச்சாமான் வாங்கினான். சூஜோவின் வென் ஜென்ஹெங் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய நூல் எது நேர்த்தி, எது கொச்சை என்று சாமான் சாமானாகத் தீர்ப்புச் சொன்னது. பணத்தால் சமமாகிவிட்டவனை ரசனையால் தள்ளிவைக்கணும். அந்த நூல் செய்த வேலை இதுதான்.

தச்சனுக்கும் ஒரு நூல் இருந்தது: ‘லு பான் ஜிங்’. சாமான்களின் அளவுகள், நல்ல நாள் பார்ப்பது. கூடவே, வீடு கட்டுகையில் வீட்டுக்காரனை வாழவைக்கவும் கெடுக்கவும் மறைத்துவைக்கும் மந்திரப் பொருட்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மிங் அரசு கைவினைஞர் குடும்பங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைத்திருந்தது. அப்பன் தச்சன் என்றால் மகனும் தச்சன். முறைவைத்து அரசுக்கு உழைத்தாக வேண்டும். 1562இல் அந்த முறை உழைப்பு வெள்ளிப் பணமாக மாற்றப்பட்டது. பதிவேடு என்னவோ அப்படியேதான் இருந்தது. உளியைத் தவிர கையில் ஒன்றுமில்லாதவனுக்குச் செய்வினை என்பது பேரம் பேசும் மொழி. கூலியைக் குறைக்கிறவன் ராத்திரி பயந்து கிடக்கட்டுமே!

1645இல் சிங் அரசு பதிவேட்டை ஒழித்தது. அதே ஆண்டு சூஜோ வீழ்ந்தபோது வென் ஜென்ஹெங் பட்டினி கிடந்து இறந்தார். அவர் பெயர் நிற்கிறது. அலமாரிகளில் தச்சன் பெயர் அநேகமாக எங்குமே இல்லை.

வாங் ஷிஷியாங் ரசனையோடு நின்றுவிடாதது இங்கே முக்கியம். பெய்ஜிங் தச்சர்களிடம் கேட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் உறுப்புக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களைத் தொகுத்தார். ‘செவ்வியல்’ வாங்குகிறவனின் சொல். அந்தப் பெயர்கள் செய்தவனின் சொற்கள். மரச்சாமான் வரலாற்றை அங்கிருந்து எழுத ஆரம்பிக்கலாம்.