ரேனியஸ் ஐயரும் உண்மையின் பாரமும்



‘உண்மையும் ஒழுக்கமும் - கிறிஸ்தவப் பார்வையில்’ என்று ஒரு கட்டுரை வேண்டும் எனச் சிறப்பு மலர்க் குழுவினர் கேட்டார்கள். போதகரிடம் கேட்க வேண்டியதை வரலாறு படித்தவனிடம் கேட்கிறார்களே என்று முதலில் தயங்கினேன். பிரசங்கம் எனக்கு வராது. ஆனால் நம்ம திருநெல்வேலிச் சீமையிலேயே இந்தத் தலைப்புக்கென்று நடந்ததுபோல ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

பொய்ச்சாட்சி கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ‘ஒருபோதும் கூடாதா?’ என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகுஸ்தீன் பொய்யைப் பற்றியே தனி நூல் எழுதினார். ஓர் உயிரைக் காப்பதற்காகக்கூடப் பொய் சொல்லக்கூடாது என்பது அவர் முடிவு. நம் வள்ளுவர் பிடிக்கும் உரைகல் வேறு. சொல்லால் விளைவது நன்மையா தீமையா என்று பார்த்தே வாய்மையை அளக்கிறார். ஹிட்லரை எதிர்த்துச் சிறைபட்டு 1945-ல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், சிறையில் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட ஒரு கட்டுரையில் ஒரு சிறுவனைக் காட்டுகிறார். “உன் அப்பா குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாரா?” என்று வகுப்பு முழுவதும் கேட்க ஆசிரியர் கேட்கிறார். பையன் இல்லை என்கிறான். சொன்னது பொய். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. தன் குடும்பத்தின் மானத்தைக் காத்த பையன் பக்கமே நியாயம் அதிகம் என்கிறார் போன்ஹோஃபர்.

இவையெல்லாம் பொய் சொல்லலாமா கூடாதா என்ற விவாதம். பாளையங்கோட்டையில் 1835-ல் நடந்தது வேறு மாதிரி. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்குத் தான் உண்மை என்று நம்பியதைத்தான் சொன்னார்கள். சபை இரண்டாக உடைந்தது.

சார்லஸ் தியாபிலஸ் எவால்ட் ரேனியஸ் 1790-ல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சர்ச் மிஷனெரி சங்கம் அவரை அனுப்ப, 1814-ல் சென்னைக்கும் 1820-ல் பாளையங்கோட்டைக்கும் வந்தார். இன்று ஊசிக் கோபுரம் என்று நாம் சொல்லும் தூய திரித்துவ ஆலயம் அவர் காலத்தில் 1826-ல் பிரதிஷ்டை ஆனது. விசுவாசத்துக்காக வீடு வாசல் இழந்தவர்களுக்கு நிலமும் குடியிருப்பும் வாங்கித் தர 1830-ல் தர்ம சங்கம் தொடங்கினார். நெடுவிளை என்ற ஊர் மெய்ஞ்ஞானபுரம் ஆனதும் அவர் பணியின் வழியாகத்தான். அவருடைய செமினரியில் சாதி பார்க்காமல் எல்லா மாணவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் அது லேசான காரியமா!

வேதாகமத்தைத் தமிழில் பெயர்ப்பதிலும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. 1827-ல் நாகர்கோவிலில் அச்சான தம் நூலில் அதை விளக்கினார். சொல்லுக்குச் சொல் வைப்பது மட்டும் விசுவாசமான மொழிபெயர்ப்பு ஆகாது. கேட்கிறவனுக்குப் பொருள் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. உண்மை என்பது சொல்கிறவன் வாயோடு முடிவதில்லை, கேட்கிறவன் காதில்தான் முடிகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சிக்கல் குருப்பட்டத்தில் வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அவர் மேற்பார்வையில் இருந்தார்கள். ஞானஸ்நானம், திருவிருந்து கொடுக்கக் குருமார் போதவில்லை. தகுதியுள்ள உபதேசியார்களுக்கு மிஷனெரிகளே லுத்தரன் முறையில் பட்டம் கொடுக்கலாம் என்றார் ரேனியஸ். பிஷப் கையால்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். 1834-ல் ஆங்கிலிக்கன் குரு ஒருவர் எழுதிய நூலுக்கு ரேனியஸ் விமரிசனம் எழுதி வெளியிட்டு, இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பையும் முறைகளையும் வெளிப்படையாகக் குறை சொன்னார். எங்கள் சம்பளத்தில் இருந்துகொண்டு எங்கள் திருச்சபையையே தாக்கலாமா என்பது சங்கத்தின் கேள்வி. மனசாட்சிக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கலாமா என்பது இவர் கேள்வி. 1835-ல் சங்கம் தொடர்பைத் துண்டித்தது. ஷாஃப்டர், முல்லர், லெக்லர் ஆகிய மூன்று சக மிஷனெரிகளும் அவரோடு விலகினார்கள்.

ரேனியஸ் ஆற்காடு பக்கம் போய்விட்டார். சங்கம் பெட்டிட் என்பவரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியது. ஆனால் இங்குள்ள மக்கள் ‘ஐயர் திரும்பி வர வேண்டும்’ என்று அழைத்தார்கள். அதே ஆண்டிலேயே அவர் திரும்பி வந்தார். அன்றிலிருந்து ஒரே சீமையில் இரண்டு அணி. உபதேசியார் எந்தப் பக்கம் நிற்பது? பள்ளிக்கூடம் யாருடையது? ஜெபவீடு யாருக்கு? பெரியவர்கள் கொள்கை பேசினார்கள். கணக்குத் தீர்க்க வேண்டி வந்தது கிராமத்து ஜனங்கள். மறுபக்கம் நின்றவர்களும் சாமானியர் இல்லை. தரங்கம்பாடியில் பிறந்த ஜான் தேவசகாயம், சாதியை எதிர்த்த நேர்மையாளர், சங்கத்தோடேயே இருந்து 1836-ல் பிஷப் கையால் முழுக் குருப்பட்டம் பெற்றார். இவரில் யார் பொய்யர்? ஒருவரும் இல்லை.

எங்கள் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் இதை வேறு விதத்தில் பார்க்கலாம். காய் வரத்து அதிகமான நாளில் “இன்னைக்கு விலை இவ்வளவுதான் அண்ணாச்சி” என்று கமிஷன் கடைக்காரர் சொல்வது சுத்தமான உண்மையாக இருக்கும். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கொடுத்துவிட்டு நிற்கும் சம்சாரிக்கு அந்த உண்மை என்ன செய்யும் என்பது தனிக் கணக்கு. நல்ல கடைக்காரர் விலையை மறைக்கவும் மாட்டார். விலையைச் சொன்னதோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டார். உண்மையை அன்போடு பேச வேண்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதன் அர்த்தம் இனிக்க இனிக்கப் பேசுவது அல்ல என்று நினைக்கிறேன். சொன்ன உண்மையின் பாரம் யார் தலையில் இறங்குகிறதோ, அவரோடு நிற்பது.

அந்த அளவுகோலில் பார்த்தால் ரேனியஸிடம் எனக்கு மரியாதை கூடுகிறது. விமரிசனம் எழுதியது தைரியம். ஆனால் சங்கத்தின் ஆதரவு போன பிறகும் மக்கள் கூப்பிட்டார்கள் என்று திரும்பி வந்தாரே, அதுதான் ஒழுக்கம். அந்த வருகை பிளவை நீட்டித்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் வரலாறு எழுத வேண்டும். 1838 ஜூன் 5 அன்று, 47 வயதில், அவர் காலமானார். பிறகு முல்லரும் ஷாஃப்டரும் சங்கத்துக்குத் திரும்பினார்கள். ஷாஃப்டர் நம் ஆலங்குளம் அருகே நல்லூரில் ஊழியம் செய்தார். யார் ஜெயித்தது என்று தீர்ப்பு எழுதாமலே காயம் ஆறத் தொடங்கியது.

கதை அங்கே முடியவில்லை. மெய்ஞ்ஞானபுரம் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வே. சா. அசரியா. 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், நீங்கள் எங்களுக்கு எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், ஆனால் நட்பைத் தரவில்லை என்ற பொருள்பட மிஷனெரிகள் முகத்துக்கு நேரே பேசினார். சபையே அதிர்ந்தது. அவர் விலகவில்லை, அவரை யாரும் விலக்கவும் இல்லை. 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். 1919-ல் தரங்கம்பாடியில் சபைகளின் ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்த கூட்டத்தில் முன்னின்றவரும் அவரே. அவர் 1945-ல் மறைந்தார். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, பிஷப் கையால் பட்டம் பெறாத குருமாரையும் மறுபட்டம் இல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள். ரேனியஸ் காலத்தில் சபையை உடைத்த கேள்விக்கு ஒரு பதில் கிடைக்க 112 வருஷம் ஆயிற்று.

தம்பி தங்கையரே, நாளைக்கு நீங்கள் ஓர் ஆபீஸிலோ, கமிட்டியிலோ, குடும்பத்திலோ உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு உண்மை தொண்டையில் வந்து நிற்கும். விழுங்கிவிடாதீர்கள். சொல்லிவிட்டு எழுந்து போய்விடவும் செய்யாதீர்கள். ரேனியஸ் ஐயர் கல்லறை பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் இருக்கிறது. கல்லூரிக்கு வந்த நாளில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.